சாப்பாட்டு நாள், ரசம் நாள், கஞ்சி நாள்: வீட்டில் யோகா விட்டுப்போகாமல் இருக்க

பள்ளிக்கூட வேன் 7.50-க்கு வரும். நான் 8.45-க்கு ஸ்கூட்டியை எடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஒன்றரை வருடமாக என் யோகா ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் விட்டவள் நான். கதை ஒன்றுதான்: நாளையிலிருந்து 5 மணிக்கு எழுவேன் என்று சபதம், நான்கு நாள் உற்சாகம், ஐந்தாம் நாள் பையனுக்குக் காய்ச்சல்.

ஆசனங்களை ஒவ்வொன்றாக இங்கே விளக்கப்போவதில்லை. அதை ஒரு ஆசிரியரிடம் பத்து நாளாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை வீட்டில் தொடர்வதற்குத்தான் இந்தப் பதிவு.

1. மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். எந்தெந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிடவில்லை என்று மட்டும் குறியுங்கள். 5 மணி எனக்கு ஒத்துவராததற்குச் சோம்பல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். தாளைப் பார்த்தால், 5.15-க்குத் தண்ணீர் வருகிறது, மோட்டார் போட வேண்டும், 5.30-க்குப் பால், உடனே குக்கர். அந்த நேரம் என்னுடையதே இல்லை. ஆனால் வேன் போனபின் 7.55 முதல் 8.15 வரை வீடு அடங்கிக் கிடக்கிறது. அந்த இருபது நிமிடத்தை அதுவரை மொபைல் தின்றுகொண்டிருந்தது.

2. வயிறு (நான் சறுக்கிய இடம்)

நேரம் கிடைத்துவிட்டது என்று மறுநாளே பாயை விரித்தேன். குனிந்து கை தரையைத் தொட்டதும் தொண்டை வரை புளிப்பு. இரண்டு வாரம் இப்படியே போனது. யோகாவே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது: 7.15-க்குப் பிள்ளைகளுக்கு ஊட்டும்போது, மிச்சமாகும் இட்லியெல்லாம் என் வாய்க்குத்தான் போகிறது. தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடாததால் அது கணக்கிலேயே வரவில்லை.

முழுச் சாப்பாடு என்றால் மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். லேசான பலகாரம் என்றாலும் ஒன்றரை மணி நேரமாவது. நான் செய்தது இதுதான்: காலையில் அரை டம்ளர் காபி மட்டும், டிபன் யோகாவுக்குப் பின். "வெறும் வயித்தோட உடம்ப வளைச்சா மயக்கம் வராதாம்மா?" என்று அத்தை ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது என் இரண்டு தோசையை ஹாட்பாக்ஸில் எடுத்துவைப்பதே அவர்தான். மாலையில் செய்கிறவர்கள் 5 மணி பஜ்ஜியைக் கணக்கில் வையுங்கள்.

3. பாய்

டைல்ஸ் தரை என்றால் 6 மி.மீ. ரப்பர் பாய் வாங்குங்கள். 10 மி.மீ. மெத்து மெத்தென்று இருக்கும், கடைக்காரரும் அதைத்தான் தள்ளப் பார்ப்பார். அதில் ஒற்றைக்காலில் விருட்சாசனம் நின்றால் கால் உள்ளே போய் ஆட்டம் காணும். கோரைப்பாய் டைல்ஸில் வழுக்கும். உட்கார்ந்து செய்வதற்கு ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை, இது என் கட்சி. புதுப் பாய் வழுக்கினால் துளி சோப்பு கலந்த தண்ணீரில் துடைத்து நிழலில் காயவையுங்கள்.

பாயைப் பரணில் மட்டும் போடாதீர்கள். என்னுடையது கதவுக்குப் பின்னால் நிற்கிறது. கதவைச் சாத்தினால் கண்ணில் பட்டுவிடும்.

4. மூன்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்

சாப்பாட்டு நாள், 20 நிமிடம்: உட்கார்ந்து ஆறு மூச்சு, நேராக நின்று கைகளைத் தூக்கித் தாடாசனம் ஆறு முறை, பூனை மாதிரி கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை வளைக்கும் மார்ஜாரி ஆசனம் ஆறு முறை, சூரிய நமஸ்காரம் வலது இடது சேர்ந்து மூன்று சுற்று, உட்கார்ந்து உடம்பைத் திருகும் அர்த்த மத்ஸ்யேந்திராசனம் இருபக்கமும், படுத்துச் சுவரில் காலைச் சாய்த்து இரண்டு நிமிடம், கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம்.

ரசம் நாள், 10 நிமிடம்: தாடாசனம், மார்ஜாரி, ஒரு சுற்று சூரிய நமஸ்காரம், சவாசனம்.

கஞ்சி நாள்: ஆறு முறை கையைத் தூக்கி இறக்கி மூச்சு, ஒரு நிமிடம் மல்லாந்து படுத்தல். அவ்வளவுதான். உறவுக்காரர் வந்திருந்தாலும், ராத்திரி முழுக்கப் பிள்ளை இருமியிருந்தாலும் இது முடியும். நோட்டில் இதற்கும் ஒரு டிக் உண்டு.

இது ஏமாற்று வேலை என்று முதலில் எனக்கே உறுத்தியது. சென்னையில் பல காலம் கற்பித்து, 100 வயதைத் தொட்டு 1989-இல் மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில், சிறுவருக்கு ஒரு விதம், குடும்பம் நடத்துகிறவருக்கு ஒரு விதம், முதியவருக்கு ஒரு விதம் என்று பயிற்சியே வேறு வேறு. குடும்பஸ்தருக்கு இருக்கிற ஆரோக்கியத்தைக் காப்பதுதான் நோக்கம். படித்ததும் உறுத்தல் போய்விட்டது.

சவாசனத்தை வெட்டித்தான் பலர் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள். நேரம் இல்லையா, சூரிய நமஸ்காரத்தில் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

5. வீடியோவை அணையுங்கள்

முதல் மாதம் பரவாயில்லை. அதன் பிறகும் பார்த்துக்கொண்டே செய்தால், குனிந்திருக்கும்போது திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்புவீர்கள், வலிக்கும். போதாததற்கு வாட்ஸப் வேறு எட்டிப்பார்க்கும். வரிசையை ஒரு தாளில் எழுதி பீரோவில் ஒட்டிவிட்டேன்.

6. பிள்ளைகள்

சனி, ஞாயிறு மார்ஜாரி ஆசனத்தில் நின்றால் சின்னவன் முதுகில் ஏறி "டுர்ர்" என்று வண்டி ஓட்டுவான். விரட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. எண்ணுகிற வேலையை அவனிடம் கொடுத்துவிட்டேன். நான்குக்குப் பின் நேராக ஏழுக்குத் தாவுவான், கண்டுகொள்வதில்லை.

பின்சேர்க்கை 1: சூரிய நமஸ்காரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கும் வலித்தது. மலைபோல் இடுப்பைத் தூக்கி நிற்கும் ஐந்தாம் நிலையிலிருந்து ஆறாவதற்கு வரும்போது தொப்பென்று விழுகிறோம், எடை முழுவதும் கையில் இறங்குகிறது. முதலில் முழங்கால்களைத் தரையில் வையுங்கள், பிறகு மார்பு, கடைசியில் தாடை. இரண்டு பாதம், இரண்டு முழங்கால், இரண்டு கை, மார்பு, தாடை என்று எட்டும் தரையைத் தொடுவதால்தான் அது அஷ்டாங்க நமஸ்காரம். விரல்களை விரித்து, ஆள்காட்டி விரலின் அடிமூட்டைத் தரையில் அழுத்துங்கள். பாதி வலி அதிலேயே போகும்.

பின்சேர்க்கை 2: ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்கள் தலை கீழே போகும் நிலைகளை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தூக்கும் பயிற்சியைச் செய்யலாம். அத்தை இப்போது அதைத்தான் செய்கிறார், சீரியல் பார்த்துக்கொண்டே. டிவியை அணைக்கச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.