குடிநீர்ச் சுரங்கத்தின் மேல் ஜியோகேச் தேடுவது எப்படி?

ஒருவர் ஒளித்துவைத்த சிறு பெட்டியை, அவர் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டே ஜியோகேச்சிங். முதல் தேடலுக்கு நியூயார்க்கின் பழைய குரோட்டன் நீர்வழியை நான் பரிந்துரைப்பேன். 1842இல் அந்நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த இந்த 66 கி.மீ. சுரங்க நீர்வழி, பம்பு எதுவும் இல்லாமல், கிலோமீட்டருக்குச் சுமார் 20 செ.மீ. சரிவை மட்டுமே நம்பி ஓடியது. அதன் மேல் இன்று சுமார் 42 கி.மீ. நீளத்துக்கு நடைபாதை இருக்கிறது. அந்தச் சரிவின் தயவால் பாதை பெரும்பாலும் சமதளமாக இருப்பதால், புதியவர்களுக்கு மூச்சு வாங்காது.

முதலில், கைபேசியின் ஜியோகேச்சிங் செயலியில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். தேடும் கடினமும் நிலத்தின் கடினமும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பிடப்பட்டிருக்கும், இரண்டும் 1.5க்கு மேல் போகாத, அண்மையில் யாரேனும் கண்டெடுத்த பெட்டியே போதும். விரல்நுனி அளவுள்ள குப்பிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஆயத்தொலைவு, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இவ்விளையாட்டில் இடம் பாகையிலும் (டிகிரி), அதன் அறுபதில் ஒரு பங்கான கலையிலும் எழுதப்படும். எடுத்துக்காட்டாக, வடக்கு 41° 12.600 என்றால், 12.6 கலையை 60ஆல் வகுத்து 41.21 பாகை என்று கொள்ள வேண்டும். அதை 41.126 என்று வரைபடத்தில் தட்டிவிட்டால், ஒன்பது கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். கலையின் மூன்றாம் தசம இடம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக இரண்டு மீட்டருக்குள்தான் நகரும் என்பதால், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பத்து மீட்டருக்குள் வந்ததும் கைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். மரங்களின் அடியில், திசை காட்டும் செயலியின் அம்புக்குறி அலைபாயும். வேர்களுக்கு இடையே குச்சிகள் ஒரே வாக்கில் அடுக்கப்பட்டிருந்தால், அது காற்றின் வேலை அன்று.

பாதையில் ஏறத்தாழ ஒரு மைலுக்கு ஒன்றாக, சுரங்கத்துக்குக் காற்று விடும் உயரமான கல் தூண்கள் நிற்கின்றன. மதகுக் கட்டடங்களும் உண்டு. அவற்றின் மேல் ஏறுவதோ, கல்லைப் பெயர்ப்பதோ, கதவைத் தள்ளிப் பார்ப்பதோ கூடாது. குடிநீர் நிலையங்களை ஒட்டிப் பெட்டி வைப்பதை விளையாட்டின் விதிகளே கட்டுப்படுத்துகின்றன. ஆகவே, அம்புக்குறி வேலிக்கு அப்பால் காட்டினால், ஜிபிஎஸ்ஸைச் சந்தேகித்து வேலிக்கு இப்பாலேயே தேடுங்கள். காவலர் யாரேனும் விசாரித்தால், மழுப்பாமல் செயலியில் அந்தப் பெட்டியின் பக்கத்தைக் காட்டி விளக்குங்கள். குடிநீர்க் கட்டுமானத்தின் அருகே குனிந்து தேடுபவரைக் கேள்வி கேட்பது அவர் கடமை.

பெட்டி கிடைத்ததும், உள்ளே இருக்கும் பதிவுத்தாளில் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பேனா நீங்களே கொண்டுபோக வேண்டும். நான் முதல்முறை அதை மறந்துவிட்டு, குச்சியை ஈரமண்ணில் தொட்டுக் கையெழுத்திட்டேன். தாள் நனைந்தால் கூழாகிவிடும் என்பதால், மூடியை நான்கு பக்கமும் அழுத்தி மூடி, எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைத்துவிடுங்கள்.

கிடைக்காவிட்டாலும் கூச்சப்படாமல் செயலியில் ‘கிடைக்கவில்லை’ என்று பதியுங்கள். இப்படி இரண்டு மூன்று பதிவுகள் சேர்ந்தால்தான், பெட்டி காணாமற்போயிருக்கலாம் என்று அதை வைத்தவர் வந்து பார்ப்பார்.