பேஸ் கேபினெட்டும் அங்குலக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிடாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, பெரும்பாலும், "இது எத்தனை இன்ச்?" என்பதுதான். பதினைந்து என்றால் கனத்த ஒலி, பத்து என்றால் துள்ளலான தெளிந்த ஒலி, பன்னிரண்டு இரண்டுக்கும் நடுவில் என்று ஒரு வாய்ப்பாடு இசைக்கலைஞர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த வாய்ப்பாட்டை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு, மேடையில் ஒலி மங்கிப் போகும்போது ஆம்ப்ளிஃபையரையோ தம் விரல்களையோ குறை சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிழை பல நேரங்களில் அவர்கள் கேட்ட அந்த முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

அகலமான ஸ்பீக்கர்தான் ஆழமான ஒலியைத் தரும் என்று எண்ணுவது தவறுகளில் முதலாவது. இதற்கு மறுப்பாக நிற்கும் மிகப் பெரிய சான்று, பேஸ் கிடாரின் வரலாற்றிலேயே மிகவும் புகழ்பெற்ற பெட்டிதான். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் ஆற்றலுள்ள எஸ்விடி ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டபோது, அதற்குத் துணையாக வந்தது பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டைக் கொண்ட மூடிய பெட்டி. அதன் உருவத்தைக் கண்டு கலைஞர்கள் அதை "ஃபிரிட்ஜ்" என்றே அழைத்தார்கள். ராக் இசையில் பிரம்மாண்டமான பேஸ் ஒலி என்றால் பலருக்கு இன்றும் நினைவுக்கு வருவது அதுவே. ஆனால் அதன் பிற்காலப் பதிப்புக்கு நிறுவனம் தரும் அளவுகளின்படி, 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் இறங்கிவிடுகிறது. நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியாகிய இ-யின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். அதாவது, அந்தப் புகழ்பெற்ற "ஆழமான" ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு.

அப்படியானால் நம் காது எதைக் கேட்டு ஆழம் என்று உணர்கிறது? தந்தியை மீட்டும்போது 41 ஹெர்ட்ஸோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பல பேஸ் கிடார்களில், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் அமைந்துள்ள இடத்தைப் பொறுத்து, 82 ஹெர்ட்ஸ் மடங்கு அடிப்படை அதிர்வெண்ணைவிட வலுவாகவே வெளிப்படும். மேல்மடங்குகள் ஒழுங்காகக் கிடைத்தால், அடிப்படை அதிர்வெண் மெலிந்திருந்தாலும் மனித மூளை அந்தச் சுரத்தை அதன் சரியான இடத்தில் வைத்தே கேட்டுக்கொள்கிறது. ஐந்து தந்தி பேஸின் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். அதைக் குறைவின்றித் தரக்கூடிய பேஸ் பெட்டிகள் அரிது. ஆயினும் மேடையில் அந்தச் சுரம் நமக்குப் பி-யாகவே கேட்கிறது. ஆழம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியின் வலிமையே என்பது புரிந்துவிட்டால், பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் கண்ணே மாறிவிடும்.

தாழ்ந்த ஒலியின் அளவைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் விட்டம் மட்டுமல்ல, அது நகர்த்தும் காற்றின் கன அளவு. ஸ்பீக்கரில் அசைந்து ஒலி எழுப்பும் கூம்பின் பரப்பை அது முன்னும் பின்னும் சீராக நகரக்கூடிய தூரத்தால் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் பயன்படு பரப்பு ஏறத்தாழ 855 சதுர சென்டிமீட்டர். பத்து அங்குல ஸ்பீக்கருக்கு அது ஏறத்தாழ 350. ஆகவே நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் உள்ள பெட்டியில் 1,400 சதுர சென்டிமீட்டர் பரப்பு இருக்கிறது. எட்டு உள்ளதில் 2,800. ஒற்றைப் பதினைந்தைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். இத்துடன் நகரும் தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 3 மில்லிமீட்டர் மட்டுமே சீராக நகரும் பழைய பாணிப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரைவிட, 6 மில்லிமீட்டர் நகரக்கூடிய இக்காலப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் அதிகக் காற்றைத் தள்ளும். அதே ஒலியளவில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும் என்பதையும் நினைவில் கொண்டால், இந்தத் தூரம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஃபெண்டர் நிறுவனமும் இந்தப் பாதையில் நடந்ததுதான். 1952-இல் வந்த பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரில் ஒற்றைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதியிலேயே அதன் இடத்தை நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டன. பேஸுக்கென்று உருவான அந்தக் கருவியைப் பின்னர் கிடார் கலைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதும், மார்ஷல் நிறுவனத்தின் முதல் ஆம்ப்ளிஃபையர் அதன் சுற்றமைப்பை ஒட்டி அமைந்ததும் இசைக்கருவி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பங்களுள் ஒன்று.

"பத்து வேகமானது, பதினைந்து மந்தமானது" என்ற பேச்சும் நெடுநாளாகத் தொடர்கிறது. பெரிய கூம்பு கனமானது, ஆகவே மெதுவாக நகரும் என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. ஆனால் கனமான கூம்பை இயக்க வலுவான காந்தமும், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பெரிதாகவும் கொடுக்கப்படுகின்றன. மேலும், 80 ஹெர்ட்ஸ் அலையை எழுப்பும் எந்தக் கூம்பும் நொடிக்கு 80 முறை அசைந்தே ஆக வேண்டும். நாம் வேகம் என்று உணர்வது, விரல் தந்தியை விட்டு விலகும் கணத்தில் எழும் உயர்ந்த அதிர்வெண்களை. அவை பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து இரண்டு, மூன்று ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். ட்வீட்டர் எனப்படும், உயர்ந்த ஒலிக்கான சிறு ஸ்பீக்கர் இல்லாத பதினைந்து அங்குலப் பெட்டிகள் பல இந்தப் பகுதியை மங்கலாகத் தருவதால், அவற்றின் ஒலி மந்தமாகத் தோன்றுகிறது. அதே பதினைந்தை நடு அதிர்வெண்களுக்கான நல்ல ஸ்பீக்கரோடு முறையாக இணைத்தால், அந்த மந்தம் மறைந்துவிடும்.

ஒலி பரவும் விதத்தில்தான் அளவின் உண்மையான தாக்கம் தெரிகிறது. பலரும் கவனிக்கத் தவறுவதும் இதையே. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்துக்கு நெருங்கும்போது, ஒலி எல்லாப் பக்கமும் பரவாமல் டார்ச் விளக்கின் ஒளிபோல நேர்முன்னால் குவிகிறது. பதினைந்து அங்குலக் கூம்பில் இது 1,000 ஹெர்ட்ஸ் அளவில் நன்றாகத் தெரியும். பத்து அங்குலக் கூம்பில் 1,600 ஹெர்ட்ஸ் அளவில். இவ்விடத்தில் "ஆகவே பத்துதான் நல்லது" என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. நான்கு பத்துகளை இரண்டிரண்டாக அடுக்கிய வழக்கமான பெட்டியில், பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்களின் மையங்கள் ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன. பக்கவாட்டில் 45 பாகை விலகி நிற்பவரின் காதுக்கு இரண்டிலிருந்தும் வரும் ஒலிகள் 19 சென்டிமீட்டர் வேறுபாட்டோடு வந்து சேர்வதால், 900 ஹெர்ட்ஸ் அளவில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பக்கவாட்டுப் பரவலைப் பொறுத்தவரை அந்தப் பெட்டி ஒற்றைப் பதினைந்தைவிட மோசமாக நடந்துகொள்ளக்கூடும். இரண்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டியை நெடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று வருமாறு நிறுத்தினால், பக்கவாட்டில் ஒலி அகலமாகப் பரவும். மேல் ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதுக்கும் நெருங்கி வரும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைச் செய்து பார்க்காமல் புதுப் பெட்டி வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

காலடியில் இருக்கும் பெட்டியின் ஒலி முழங்காலைத் தொட்டுப் போக, "டிரெபிள் போதவில்லை" என்று திருகிக்கொண்டே போகும் வாசிப்பவர்கள், பத்தடி முன்னால் நிற்பவரின் காதில் என்ன விழுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பதினைந்து ஒன்றையும் பத்துகள் கொண்ட பெட்டி ஒன்றையும் சேர்த்து வைத்தால், தாழ்ந்த ஒலியைப் பதினைந்தும் உயர்ந்த ஒலியைப் பத்துகளும் பகிர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் இடையில் இல்லாவிட்டால் அப்படி எந்தப் பங்கீடும் நடப்பதில்லை. இரண்டு பெட்டிகளும் முழு ஒலியையும் பெற்று, முழு ஒலியையும் வெளியிடுகின்றன. அவற்றின் அமைப்பு வேறுபடுவதால் சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும், வேறு சிலவற்றில் அழித்தும் விடுகின்றன. சிலருக்கு அந்தச் சேர்க்கையின் ஒலி பிடித்துப் போகலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அதை முன்கூட்டியே கணிக்க இயலாது. ஒரே வகையான இரண்டு பெட்டிகளைச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி. பெட்டியின் மின்தடையைச் சொல்லும் ஓம் எண்ணையும் கவனிக்க வேண்டும்: இரண்டு 8 ஓம் பெட்டிகள் இணையாகச் சேரும்போது 4 ஓம் ஆகும். மூன்று சேர்ந்தால் 2.67 ஓம் ஆகிவிடும், அதைப் பல ஆம்ப்ளிஃபையர்கள் தாங்கா. 4 ஓம் பெட்டியோடு 8 ஓம் பெட்டியை இணைத்தால், 4 ஓம் பெட்டிக்கு இரண்டு மடங்கு ஆற்றல் போய்விடும்.

ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து பிரித்துப் பார்ப்பது இன்னொரு பெரிய தவறு. பழுதான பத்து அங்குல ஸ்பீக்கருக்குப் பதிலாக, கடையில் கிடைத்த வேறொரு பத்து அங்குல ஸ்பீக்கரைப் பொருத்திவிட்டு, ஒலி ஏன் மாறிவிட்டது என்று திகைப்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைத்து, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் விரிவாக்கிய கணக்குமுறையின்படி, ஒரு ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண், அதன் அதிர்வு அடங்கும் விதம், அதன் தொங்கலின் நெகிழ்ச்சி ஆகியவை பெட்டியின் கன அளவோடும் காற்றுத்துளையின் அளவோடும் பொருந்த வேண்டும். துளையுள்ள பெட்டியில் இந்தப் பொருத்தம் இன்னும் நுட்பமானது. துளை எந்த அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் கீழே கூம்புக்குப் பின்னால் காற்றின் தடுப்பு இல்லாமல் போவதால், அது கட்டுமீறி நகரும். கிடாருக்கென்று செய்த ஸ்பீக்கரைப் பேஸ் பெட்டியில் பொருத்துவது இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அதன் கூம்பு நகரும் தூரம் மிகக் குறைவு.

சிறிய பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த ஆற்றலில் உரத்த ஒலி ஆகிய மூன்றையும் ஒருசேரப் பெற முடியாது; இரண்டைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவதை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே, கையடக்கப் பெட்டியிலிருந்து பெரிய பெட்டியின் ஆழத்தை எதிர்பார்த்து ஈக்வலைசரில் 40 ஹெர்ட்ஸை உயர்த்துகிறவர், காதுக்குக் கேட்காத அசைவுக்காக ஆற்றலைச் செலவிட்டு ஸ்பீக்கரைக் கிழித்துக்கொள்கிறார். "500 வாட்" என்ற அட்டை, வாய்ஸ் காயில் என்ற அந்தக் கம்பிச்சுருள் தாங்கும் வெப்பத்தைச் சொல்கிறதே தவிர, தாழ்ந்த சுரங்களில் கூம்பு தாங்கும் நகர்வைச் சொல்வதில்லை. குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றை 30 அல்லது 35 ஹெர்ட்ஸில் வைத்தால், ஒலியில் இழப்பு ஏதும் தெரியாமலே பெட்டிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வாட் எண்ணைவிட, ஒரே ஆற்றலுக்குப் பெட்டி எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதை டெசிபலில் சொல்லும் உணர்திறன் எண்ணைப் பார்ப்பதும் பயன் தரும்: 97 டெசிபல் பெட்டிக்கு 600 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 100 டெசிபல் பெட்டி 300 வாட்டிலேயே தந்துவிடும்.

கடையில் சோதிக்கும்போது, ஒப்பிடும் இரண்டு பெட்டிகளையும் சுவர் மூலையிலிருந்து இழுத்து, ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைத்து, காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும்படி ஒலியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். உரத்து ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும் என்பது எல்லாக் காதுகளுக்கும் பொது. பிறகு ஈக்வலைசரை நேர்நிலையில் வைத்து, தாழ்ந்த தந்தியில் திறந்த சுரம் தொடங்கிப் பன்னிரண்டாம் ஃபிரெட் வரை, ஒவ்வொரு சுரத்தையும் ஒரே அழுத்தத்தில், நிதானமாக வாசிக்க வேண்டும். எந்தச் சுரம் திடீரென்று ஊதிப் பெருக்கிறது, எது காணாமல் போகிறது என்பதை நேர்முன்னால் நின்று ஒருமுறையும், பக்கவாட்டில் நான்கைந்து அடி விலகி நின்று ஒருமுறையும் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு விலையைக் கேட்கலாம்.