நாடு மாறினால் வாங்கிய பாட்டு என்ன ஆகும்? ஆன்லைன் இசைக் கடைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர்கள் போன கையோடு செய்கிற காரியங்களில் ஒன்று, ஆப்பிள் கணக்கில் (முன்பு ஆப்பிள் ஐடி) நாட்டை மாற்றுவது. அந்த ஊர் வங்கியின் ஆப் வேண்டும், பஸ் டிக்கெட்டுக்கான ஆப் வேண்டும். ஆப்பிளின் இந்தியக் கடையில் அவை கிடைக்காமல் போகலாம். மாற்றியதும் ஆப் வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய பாடல்களில் சிலவற்றை மறுபடி இறக்க முடியவில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. நாட்டை மாற்றுவதற்கு முன் வாங்கியதையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், புதிய நாட்டில் சில கிடைக்காமல் போகலாம் என்று ஆப்பிளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை.

சரியான வரிசை இது: முதலில் பாடல்களைக் கணினியில் இறக்கி, தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் பிரதி எடுங்கள். அடுத்து கணக்கில் மிச்சமிருக்கும் தொகையைச் செலவழியுங்கள். மீதி இருந்தால் நாட்டை மாற்ற விடாது. நடப்பில் உள்ள சந்தாக்களை ரத்து செய்து, அவற்றின் காலம் முடியும்வரை பொறுத்திருங்கள். வாங்கியதைக் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் 'குடும்பப் பகிர்வு' வசதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குழுவில் உள்ள எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. மகன் டொரொன்டோவுக்கு மாறினால், மதுரையில் இருக்கும் அப்பா அம்மாவோடு அந்தப் பகிர்வு நீடிக்காது.

இந்தச் சிக்கல் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். பெயர் ஒன்றாக இருந்தாலும் கடை ஒன்றல்ல, நாட்டுக்கு ஒரு கடை. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இசைக் கடை 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும்தான் திறந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி 2004 ஜூனில் சேர்ந்தன. ஜப்பானுக்கு 2005 ஆனது. இலங்கையில் 2012 ஜூனிலும், இந்தியாவில் அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தது. தொழில்நுட்பம் முதல் நாளிலிருந்தே எல்லா ஊருக்கும் எட்டும். தாமதத்தின் பெரும்பகுதி ஒப்பந்தங்களால் வந்தது.

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவின் உரிமை ஒன்று. அது பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும். மெட்டு, பாடல் வரி ஆகியவற்றின் உரிமை மற்றொன்று. அதற்கான ராயல்டியை இந்தியாவில் ஐபிஆர்எஸ், ஜெர்மனியில் கேமா, ஜப்பானில் ஜாஸ்ராக் என்று நாட்டுக்கொரு அமைப்பு வசூலிக்கிறது. ஒலிப்பதிவு உரிமையையும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதுபோல நாடு பிரித்து, கால வரையறை வைத்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஒரே பாட்டு இந்தியாவில் ஒருவரிடமும் வெளிநாடுகளில் வேறொருவரிடமும் இருக்கலாம். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த நாட்டில் பாட்டு நின்றுவிடும். கேமாவுக்கும் யூடியூபுக்கும் ராயல்டியில் ஒத்துவராததால் 2009 முதல் 2016 நவம்பர் வரை ஏராளமான இசை வீடியோக்களை ஜெர்மனியில் பார்க்கவே முடியவில்லை.

உங்கள் பாடல் பட்டியலில் ஒரு பாட்டு திடீரென்று சாம்பல் நிறமாகி ஒலிக்காமல் போனால் பாட்டே போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அதே ஒலிப்பதிவு வேறு ஆல்பத்தில், வேறு நிறுவனத்தின் பெயரில் கிடைக்கலாம். பழைய திரைப்பாடல்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பாடகர் பெயரையும் படத்தின் பெயரையும் சேர்த்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இருக்கும் நாட்டை மறைத்து வேறு நாடாகக் காட்டும் விபிஎன் போட்டால் அமெரிக்கக் கடையில் வாங்கலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் கடை பார்ப்பதில்லை. கணக்கின் நாட்டையும், பணம் கட்டும் கார்டு எந்த நாட்டு முகவரியில் இருக்கிறது என்பதையும் பார்க்கிறது. கிஃப்ட் கார்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் இருக்கும் அத்தை ஆசையாக வாங்கி அனுப்பும் 25 டாலர் கார்டு, சென்னையில் இருக்கும் பிள்ளையின் இந்தியக் கணக்கில் ஏறாது. பிள்ளையின் கணக்கு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்கினால் அந்தக் காசு வீணாகாது. இரண்டு நாட்டுக்கு இரண்டு கணக்கு வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. ஆனால் வாங்கியவற்றை மறுபடி இறக்க ஒரு போனை ஒரு கணக்கோடு இணைத்துவிட்டால், அதை இன்னொரு கணக்குக்கு மாற்ற 90 நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்படுவதும் சரியல்ல. ஆடியோ நிறுவனங்கள் கடைக்குத் தரும் மொத்த விலையே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் காட்டும் விலையில் விற்பனை வரி சேராது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் வரியோடுதான் காட்டுவார்கள். சில நேரம் கோபம் நியாயமாகவும் இருக்கும். பிரிட்டனில் ஒரு பாட்டு 79 பென்ஸ், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் 99 யூரோ சென்ட் என்று ஐட்யூன்ஸ் விற்றபோது, பிரிட்டிஷ்காரர்கள் அதிகம் கொடுக்கிறார்கள் என்ற புகாரை ஐரோப்பிய ஆணையம் விசாரித்தது. 2008 ஜனவரியில் விலையைச் சமமாக்குவதாக ஆப்பிள் அறிவித்தது.

எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு, மேகத்தில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பில், இருப்பதைக் கையில் இருப்பதாக நினைப்பது. சந்தாவில் இறக்கிய பாட்டும் விலைக்கு வாங்கிய பாட்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். சந்தா முடிந்தால் முதலாவது போய்விடும். இரண்டாவதையும் இறக்கி வைத்தால்தான் பத்திரம். மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கிய பாடல்களுக்கு, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்ற மின்னணுப் பூட்டு இருந்தது. பூட்டைத் திறந்துவிடும் சர்வரை நிறுத்தப்போவதாக 2008-ல் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தபின் தள்ளிவைத்தார்கள். அதற்கு மாறாக, நம் ஊர் ஃப்ளிப்கார்ட் 2012-ல் தொடங்கிய ஃப்ளைட் கடை பூட்டில்லாத எம்பி3 விற்றது. 2013-ல் கடையை மூடினார்கள். கோப்புகளை இறக்கி வைத்தவர்கள் அவற்றை இன்றும் கேட்கலாம். ஐட்யூன்ஸிலும் 2009 முதல் பாடல்களுக்குப் பூட்டு இல்லை. ஆனால் கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிந்திருக்கும் என்பதால் அதை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடாதீர்கள்.

கடைசியாக, சொந்தமாகப் பாடல் வெளியிடும் இளைஞர்களுக்கு. பாடலைப் பல கடைகளுக்கு அனுப்பும் விநியோகத் தளத்தில் 'உலகம் முழுவதும்' என்ற பெட்டி பெரும்பாலும் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். மெட்டும் வரியும் குரலும் உங்களுடையது என்றால் அப்படியே விடுங்கள். கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் நாட்டுக் கட்டுப்பாடு அரிதாக இருப்பதற்குக் காரணமே, அங்கே பெரும்பாலும் உரிமை கலைஞர்களிடமே இருப்பதுதான். பிறர் பாட்டை மறுபடி பாடியிருந்தால் கதை வேறு. அமெரிக்காவில் முறைப்படி அறிவித்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டினால் கவர் பாட்டு வெளியிடச் சட்டமே வழி தருகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி, முதல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுக்க வேண்டும். போன வருடம் வந்த படப்பாட்டைப் பாடி இந்தியாவில் வெளியிட, உரிமையாளரின் நேரடி அனுமதி இல்லாமல் வழி கிடையாது. அனுமதி வரும்வரை நாடுகள் பட்டியலில் இந்தியாவை எடுத்துவிடுங்கள், வந்தபின் சேர்த்துக்கொள்ளலாம்.