மொட்டை மாடியில் செயற்கைப் புல்லும் இலைச்சுவரும் அமைப்பது எப்படி?

செயற்கைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் அதன்மேல் பெய்யும் மழை வெளியேற வழி வைத்தே ஆக வேண்டும். சென்னையில் மாடிப் புல்தரை சீக்கிரமே நாற்றமெடுக்கிறது என்றால், பெரும்பாலும் அடியில் தேங்கும் தண்ணீர்தான் காரணம்.

ஆகவே முதலில் தளத்தின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியா என்று பாருங்கள். தளத்தில் நாலைந்து பக்கெட் தண்ணீர் கொட்டி, அரை மணி நேரம் விடுங்கள். குட்டையாக நிற்கும் இடத்தைக் கொத்தனாரை வைத்துச் சரிசெய்த பிறகே புல் விரிக்க வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயருகே ஓரடிச் சதுரம் புல் இல்லாமல் விட்டுவிடுங்கள். சருகு அடைத்தால் கைவிட்டு எடுக்க வேண்டுமே. தரைத்தோட்டத்தில் புல்லின்மேல் மணல் தூவுவது சரி. மாடியில் தூவினால் அது நேராகக் குழாய்க்குள் போய்விடும்.

இழை உயரம் 25 முதல் 35 மி.மீ. போதும். 40-ஐத் தாண்டினால் பார்க்க அழகு, ஆனால் நடக்க நடக்கப் படுத்துவிடும். ரோல் பெரும்பாலும் 2 மீட்டர், அதாவது சுமார் ஆறரை அடி அகலத்தில் வரும். வாங்கும்முன் இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 10 × 20 அடி இடத்துக்கு நீளவாக்கில் விரித்தால் இரண்டு துண்டு, 260 சதுர அடி வாங்க வேண்டும். 60 சதுர அடி வீண். அகலவாக்கில் 10 அடித் துண்டுகள் மூன்று போட்டால் 195 சதுர அடியில் முடிந்துவிடும். மிஞ்சும் அரை அடி ஓரத்தில் கூழாங்கல் பரப்பலாம்.

ரோலைப் பிரித்து இரண்டு மணி நேரம் வெயிலில் போட்டால் சுருக்கம் தளரும். எல்லாத் துண்டிலும் இழை ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டாலும் வேறு நிறம்போலத் தெரியும். வெட்டுவது பின்பக்கத்திலிருந்து, கட்டர் கத்தியால், இழை வரிசைகளுக்கு நடுவே. இணைப்பின் அடியில் டேப் வைத்து, பசை தடவி, மேலே கனம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். தளம் ஈரமாக இருந்தால் பசை பிடிக்காது. தளத்தில் ஆணி மட்டும் அடிக்காதீர்கள். துளை வழியே கீழ்வீட்டுச் சீலிங்கில் கசியும்.

கைப்பிடிச் சுவருக்கு 50 × 50 செ.மீ. இலைப் பேனல்கள் எளிது. 10 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு 18 பேனல். சுவரில் நேரடியாக ஒட்டினால் வெயிலில் பசை விட்டுவிடும். ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) சுவரில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, பேனலுக்கு நான்கு மூலையும் நடுவும் சேர்த்து ஐந்து கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு நாடா) கட்டுங்கள். வெயில் தாங்கும் கறுப்பு டையாக இருக்கட்டும். சாதா வெள்ளை டை வெயிலில் மொடமொடத்து ஒடியும். கடற்கரையோர வீடு என்றால் ஜி.ஐ. துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெஷ்ஷே மேல்.

இலை வாங்கும்போது, யூ.வி. (வெயிலின் புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு பிளாஸ்டிக்கிலேயே கலந்ததா, மேலே ஸ்ப்ரே செய்ததா என்று கேளுங்கள். ஸ்ப்ரே நிலைக்காது. துணி இலைகள் வெளிப்புறத்துக்கு ஆகவே ஆகாது. சிவப்பு, ரோஜா நிறப் பூக்கள் முதலில் வெளுக்கும் என்பதால் வெறும் பச்சையே புத்திசாலித்தனம்.

செயற்கைத் தொட்டிச் செடி எடையே இல்லாதது. புயல் நேரத்தில் தெருவுக்குப் பறந்துவிடும். தொட்டியின் அடியில் துளை போட்டு, அதில் சிறு பி.வி.சி. குழாய்த் துண்டை நட்டு, சுற்றிலும் மூன்று அங்குலம் ஜல்லி நிரப்பி, தண்டைச் சிமென்ட் கலவையில் நிறுத்துங்கள். குழாயின் மேல்முனை கலவை மட்டத்தைத் தாண்டக் கூடாது. வடியாத தொட்டியில் டெங்கு கொசு முட்டையிடும்.

மதிய வெயிலில் இந்தப் புல் வெறுங்காலில் மிதிக்க முடியாத அளவு சுடும். எதிர்வீட்டுக் கண்ணாடி ஜன்னலின் எதிரொளி ஒரே இடத்தில் விழுந்தால் இழை உருகிச் சுருளும். ஏசி வெளி யூனிட்டை இலையால் மறைக்க வேண்டாம். கார்த்திகை விளக்கும் தீபாவளிப் பட்டாசும் புல்லைவிட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை ஹோஸில் தண்ணீர் பீய்ச்சி, மென்மையான பிரஷ்ஷால் இழை சாய்வுக்கு எதிராகத் தேய்த்தால் போதும். அக்டோபரில் பருவமழை தொடங்கும்முன் கேபிள் டைகளை இழுத்துப் பார்த்து, தளர்ந்ததை மாற்றிவிடுங்கள்.