வீட்டுல முதல் ஆளா மெடிசின் படிச்சு கேன்சர் ரிசர்ச்சும் செய்யணுமா? இப்படி ஆரம்பிங்க

மலேசியாவுல, பினாங்குல எஸ்.பி.எம். (ஃபோர்ம் ஃபைவ் பரீட்சை) முடிச்சிருக்கீங்க, வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் யூனி போனதில்ல, ஆனா டாக்டரும் ஆகணும் கேன்சர் ரிசர்ச்சும் செய்யணும்னு ஆசை, அப்படிப்பட்ட தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல்ல அப்பா அம்மாகிட்ட ஒண்ணு தெளிவா பேசிடுங்க. கேன்சர் ரிசர்ச்சுக்கு டாக்டர் ஆகித்தான் தீரணும்னு இல்ல, பயோமெடிக்கல் சயின்ஸ் படிச்சவங்களும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்சவங்களும் அதே வேலையிலதான் இருக்காங்க. நோயாளிய நேர்ல பாக்கணும்னு மனசு இருந்தா மெடிசின் எடுங்க, அது 5 வருஷம், அதுக்கப்புறம் ஹவுஸ்மேன்ஷிப் (ஆஸ்பத்திரியில பயிற்சி டாக்டரா வேலை) வேற.

மெட்ரிக் (யூனிக்கு முன்னாடி அரசாங்கம் நடத்துற கோர்ஸ்) கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா ஃபோர்ம் சிக்ஸ் போங்க, வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, செலவு கம்மி, அங்க எழுதுற எஸ்.டி.பி.எம். பரீட்சை ரிசல்ட்ட வெச்சும் யு.பி.யு.ல (அரசாங்க யூனிக்கு விண்ணப்பிக்கிற முறை) மெடிசின் கேக்கலாம். யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பினாங்குலதானே இருக்குன்னு அம்மா நினைச்சிட்டு இருப்பாங்க, ஆனா அவங்க மெடிசின் நடத்துறது கிளந்தான் குபாங் கெரியான்ல, முன்கூட்டியே சொல்லி வைங்க. ஏஜெண்ட் பேச்ச நம்பி வெளிநாட்டு யூனிக்கு காசு கட்டாதீங்க, மலேசிய மருத்துவ மன்றத்தோட அங்கீகாரப் பட்டியல்ல அந்த யூனி இருக்கான்னு நீங்களே பாருங்க. பி.டி.பி.டி.என்.ங்கிற அரசாங்கக் கல்விக் கடன் கேக்க அவங்களோட எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேணும், இப்பவே திறந்துடுங்க. ம.இ.கா.வோட கல்விப் பிரிவு எம்.ஐ.இ.டி., பினாங்கு இந்து அறப்பணி வாரியம் ரெண்டு இடத்துலயும் கல்வி உதவி பத்தி விசாரிங்க.

இப்ப ரிசர்ச். இதுக்கு ஃபைனல் இயர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நம்ம ஆளுங்க மத்தியில வாய்ப்புற்றுநோய் அதிகம், புகையில சேக்காத வெத்தல பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004லயே அறிவிச்சிருச்சு, ஆனா நம்ம பாட்டிங்க இன்னும் மென்னுகிட்டுத்தான் இருக்காங்க. ஏன் விட முடியல, வாயில புண்ணு வந்தும் ஏன் லேட்டா காட்டுறாங்க, இத அவங்ககிட்ட தமிழ்ல உக்காந்து கேக்க ஆள் வேணும், அந்த ஆளா நீங்க இருக்கலாம். பினாங்கு பெர்தாம்ல யு.எஸ்.எம்.மோட மருத்துவ, பல் மருத்துவ ஆய்வு நிலையம் ஐ.பி.பி.டி., சுபாங் ஜெயால கேன்சர் ரிசர்ச் மலேசியா, இவங்க என்ன ஆய்வு செய்றாங்கன்னு தேடிப் படிங்க.

அப்புறம் ஒரு லெக்சரருக்கு மெயில் போடுங்க, பெருசா வேண்டாம், அஞ்சாறு வரி போதும்: நீங்க யாரு, அவரோட எந்த ரிசர்ச் பேப்பர படிச்சீங்க, அதுல என்ன கேள்வி வந்துச்சு, லீவுல எத்தன வாரம் வர முடியும். ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அப்பவும் இல்லன்னா அடுத்தவர். சேத்துக்கிட்டாங்கன்னா ஆரம்பத்துலயே மரியாதையா கேட்டுக்குங்க, என்ன வேலை செஞ்சா பேப்பர்ல என் பேர் வரும்னு, வசதியான வீட்டுப் பிள்ளைங்க இத கூச்சமில்லாம கேக்குறாங்க, நம்ம பிள்ளைங்கதான் வாயே திறக்குறதில்ல. எத்திக்ஸ் அனுமதி (ஆய்வு செய்யலாம்னு எத்திக்ஸ் கமிட்டி தர்ற ஒப்புதல்) வர்ற வரைக்கும் நோயாளி ஃபைல தொடாதீங்க, அந்த மாசங்கள்ல ஆர் (R)ங்கிற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் கத்துக்குங்க, அது இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும்.