வீட்டிலேயே ஹாகிஸ்: பை இல்லாமல், பயம் இல்லாமல்

ஸ்காட்லாந்தின் ஹாகிஸ் என்றதுமே பலருக்கு ஆட்டின் வயிற்றுப் பைதான் கண்முன் வரும். அத்தோடு ஆசையும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஈரலும் குடலும் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதில் தயங்க எதுவும் இல்லை. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, வறுத்த ஓட்ஸ் குருணை, கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து மறுபடி வேகவைத்தால் அதுதான் ஹாகிஸ். பை வெறும் பாத்திரம்தான். ருசி இருப்பது ஓட்ஸிலும் மிளகிலும் கொழுப்பிலும். ஆகவே முதல் தடவை செய்கிறவர்கள் பையை விட்டுவிட்டுக் கிண்ணத்தில் வைத்து ஆவியில் வேகவைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலானோர் இதைக் கடையில் வாங்கிச் சூடு பண்ணித்தான் சாப்பிடுகிறார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாளான ஜனவரி 25 நெருங்கும்போது அங்குள்ள எல்லாச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். வாங்கியது ஏற்கெனவே வெந்தது. அலுமினியத் தாளில் சுற்றி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து, 180 டிகிரி ஓவனில் விட்டால் அரைக்கிலோ உருண்டைக்கு ஒரு மணி நேரம் போதும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், தோல் வெடித்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எடின்பரோவின் மாக்ஸ்வீன் கடை 1984-லேயே பருப்பு, பீன்ஸ், காளான் வைத்து ஒரு ஹாகிஸ் கொண்டுவந்துவிட்டது. நன்றாகவே இருக்கும்.

இனி, முதலிலிருந்து செய்கிறவர்களுக்கு.

என்னென்ன வேண்டும் (ஆறு பேருக்குத் தாராளம்)

ஆட்டு இதயம் 250 கிராம், ஆட்டீரல் 250 கிராம், கொழுப்புள்ள தோள்கறியைக் கொத்தியது 250 கிராம். கொத்துக்கறி நுரையீரலுக்குப் பதிலாகத்தான். நுரையீரல் கிடைத்தால் போடலாம், ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. அமெரிக்காவில் 1971 முதல் அதை உணவுக்கு விற்கவே தடை. சூயட் 100 கிராம். அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. கறிக்கடையில் ஆட்டுக் கொழுப்பாகவே கேட்டு வாங்கித் துருவிக்கொள்ளலாம். பிரிட்டனில் அட்டோரா பாக்கெட் எளிது. அது மாட்டுக் கொழுப்பு, மேலே கோதுமை மாவு தடவியது. மாடு வேண்டாம் என்பவர்களுக்குத் தாவரக் கொழுப்பிலும் வருகிறது.

ஓட்ஸ் 150 கிராம். இதில்தான் ஏமாறுவார்கள். காலைக் கஞ்சிக்கு வாங்கும் தட்டை ஓட்ஸ் போட்டால் எல்லாம் களியாகிவிடும். பின்ஹெட் அல்லது ஸ்டீல் கட் என்று விற்பதை வாங்குங்கள், குருணையாக உடைத்திருப்பார்கள்.

பெரிய வெங்காயம் 2, புதிதாக இடித்த மிளகு 2 தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் பொடி 1 (பெயர் அப்படி இருந்தாலும் கலவை இல்லை, ஒரே காயின் பொடி), மல்லித்தூள் 1, ஜாதிக்காய் அரை, ஜாதிபத்திரி இரண்டு சிட்டிகை, உப்பு இரண்டரைத் தேக்கரண்டி. மசாலா அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுதை எடுக்கக் கை பரபரக்கும், எடுக்காதீர்கள். கரம் மசாலாவும் கூடாது. போட்டால் ருசியான ஏதோ ஒன்று வரும், ஹாகிஸ் வராது.

முதல் நாள் மாலை: கறி

இதயத்தை நீளவாக்கில் பிளந்து, குழாய்களையும் உறைந்த ரத்தத்தையும் எடுத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். மூழ்கும் அளவு தண்ணீரில், உப்பு போடாமல், சிறுதீயில் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். குக்கரில் என்றால் ஆவி வந்தபின் சிறுதீயில் 25 நிமிடம். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் நுரையீரலை மூச்சுக்குழாயோடு வேகவைப்பார்கள். குழாயின் நுனியைப் பானைக்கு வெளியே தொங்கவிட்டு, அதன் வழியே வடியும் நுரையைப் பிடிக்கக் கீழே ஒரு கிண்ணம் வைப்பார்கள்.

இதயம் வெந்ததும் அதே தண்ணீரில் ஈரலை முழுசாகப் போட்டு 15 நிமிடம். அறுத்துப் பார்த்தால் ரத்தம் தெரியக் கூடாது. தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நாளைக்கு 300 மில்லி வேண்டும். ஆறியதும் கறியையும் தண்ணீரையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த ஈரல் துருவ வசதியாக இருக்கும்.

மறுநாள்: கலவை

இதயத்தைக் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். மிக்ஸியில் போட்டால் ஒரே சுற்று, அதற்கு மேல் போனால் விழுதாகிவிடும். ஈரலைத் துருவியின் பெரிய கண்ணில் தேயுங்கள். ஈரல்தான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும்.

ஓட்ஸை வெறும் வாணலியில், மிதமான தீயில், கிளறிக்கொண்டே வறுங்கள். பத்து நிமிடத்தில் வறுத்த கடலை மாதிரி வாசனை வரும், நிறம் லேசாக மாறும். இதை அவசரப்படுத்தாதீர்கள். வறுக்காத ஓட்ஸ் போட்ட ஹாகிஸ் மொத்தமும் சப்பென்று இருக்கும்.

அதே வாணலியில் சூயட்டில் ஒரு கரண்டி போட்டு உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, கொத்துக்கறியைச் சேர்த்து நிறம் மாறி வேகும்வரை பிரட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கொட்டி, மீதிச் சூயட், மசாலா, உப்பு சேர்த்து, எடுத்துவைத்த தண்ணீரைச் சுடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கை ஈரமாக வேண்டும். உலர்ந்திருந்தால் இன்னும் ஊற்றுங்கள், ஓட்ஸ் நிறையக் குடிக்கும். கறி எல்லாம் வெந்ததுதான் என்பதால் இந்த இடத்திலேயே ஒரு சிட்டிகை வாயில் போட்டு உப்பு, காரம் பார்த்துவிடலாம். மிளகு தொண்டையில் ஏற வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னும் அரைத் தேக்கரண்டி போடுங்கள்.

ஆவியில்

ஒரு லிட்டர் கொள்ளும் பீங்கான் கிண்ணம் இரண்டு எடுத்து, வெண்ணெய் தடவி, முக்கால் பங்கு நிரப்புங்கள். ஓட்ஸ் ஊதும், இடம் வேண்டும். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் அலுமினியத் தாள். இரண்டையும் நடுவில் ஒரு மடிப்பு வைத்து மூடி, விளிம்பில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பெரிய இட்லிப் பானையில் இரண்டு மணி நேரம். தண்ணீர் வற்றாமல் பார்த்து, வற்றினால் கொதிநீராகவே ஊற்றுங்கள். ஒரு கிண்ணம் இன்றைக்கு. மற்றது ஆறியபின் ஃப்ரீஸருக்குப் போகட்டும்.

பையில்தான் செய்வேன் என்கிறவர்கள், சுத்தம் செய்த ஆட்டு வயிற்றை ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றித் தைத்து, சிறுதீயில் மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஊதும்போது ஊசியால் அங்கங்கே குத்தாவிட்டால் வெடிக்கும்.

கூட வைப்பவை

நீப்ஸ், டாட்டீஸ் இரண்டும் கட்டாயம். டாட்டீஸ் உருளைக்கிழங்கு மசியல்: மாவாக வேகும் கிழங்கை, அதாவது மாரிஸ் பைப்பர் போன்றதை, குளிர்ந்த உப்புத் தண்ணீரில் போட்டு வேகவைத்து, வடித்து, ஈரம் போக அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து, சூடான பாலும் வெண்ணெயும் விட்டு மசியுங்கள். நீப்ஸுக்கு உள்ளே மஞ்சளாக இருக்கும் ஸ்வீடு (swede) கிழங்கு வேண்டும், சர்க்கரைவள்ளி அல்ல. இங்கிலாந்துக் கடைகளில் ஸ்வீடு என்பார்கள், ஸ்காட்லாந்தில் அதையே டர்னிப் என்பார்கள். வெள்ளை டர்னிப் வாங்கினால் நீர்த்துப்போகும். தோலைத் தடிமனாகச் சீவி, சிறு கட்டமாக நறுக்கி, அரைமணி நேரம் வேகவைத்து, நன்றாக வடித்து, வெண்ணெயும் நிறைய மிளகும் போட்டு மசியுங்கள். ஆர்க்னித் தீவுகளில் இரண்டையும் ஒன்றாக மசித்துவிடுவார்கள், அதற்குக் கிளாப்ஷாட் என்று பெயர். எனக்கு அதுதான் பிடிக்கும்.

விஸ்கி சாஸ் இப்போது எல்லா உணவகத்திலும் வருகிறது. வேண்டுமானால் செய்யலாம்: சின்ன வெங்காயம் வதக்கி, அடுப்பை அணைத்துவிட்டு 50 மில்லி விஸ்கி ஊற்றி, மறுபடி பற்றவைத்துச் சுண்டவைத்து, 200 மில்லி கெட்டிக் கிரீமும் கொஞ்சம் கடுகு விழுதும் சேர்த்தால் முடிந்தது. என்னைக் கேட்டால் கிரீம் மிளகை மழுங்கடித்துவிடுகிறது.

பர்ன்ஸ் இரவு என்றால் ஹாகிஸைத் தட்டில் வைத்து, பேக்பைப் வாத்திய இசையோடு கொண்டுவந்து, பர்ன்ஸ் 1786-ல் ஹாகிஸைப் புகழ்ந்து எழுதிய கவிதையை ஒருவர் சத்தமாகப் படிப்பார். கத்தி வருகிற வரியில் நிஜமாகவே கத்தியைச் செருகுவார். பையில் செய்திருந்தால் அந்த நேரத்தில் முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆவியும் கொழுப்பும் பீறிடும். கிண்ணத்தில் செய்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. கவிழ்த்து எடுத்துக் கரண்டியால் பரிமாறலாம்.

மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். கனமான வில்லைகளாக வெட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இருபுறமும் மொறுமொறுப்பாகும்வரை போடுங்கள், அதன் கொழுப்பே போதும். பக்கத்தில் ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் காலைச் சாப்பாடு ஆயிற்று.