ஊரின் வரைபடமும் வரலாறும்: மாணவர்களுக்கு ஒரு செய்முறை

முதலில் அளவுத்திட்டத்தை முடிவு செய்யுங்கள். சிற்றூருக்கு 1:2,500 பொருந்தும். தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 25 மீட்டர். ஒரே ஏ1 தாளில் ஏறத்தாழ 1.5 கி.மீ. அகலமும் 2.1 கி.மீ. நீளமும் அடங்கும். விகிதத்தோடு, தரைத்தூரத்தைப் பிரித்துக் காட்டும் அளவுக்கோட்டையும் கட்டாயம் வரையுங்கள். நகலெடுக்கும்போது தாள் சுருங்கினால் விகிதம் பொய்யாகிவிடும்; கோடு சேர்ந்தே சுருங்குவதால் சரியாகவே இருக்கும்.

வீடுகளுக்கு முன்னால் நீரையும் மேடுபள்ளத்தையும் வரையுங்கள். முதல் குடியிருப்பு ஏன் அந்த மேட்டில் அமைந்தது, பழைய பாதை ஏன் அங்கே வளைகிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் இங்கேதான் விடை இருக்கும். மழை விட்டதும் நடந்தால் நீரோட்டத்தின் திசை கண்ணிலேயே தெரியும்.

தூரத்தைக் காலடியால் அளக்கலாம். 50 மீட்டர் நாடாவை விரித்து, அதன் ஓரமாக மூன்று முறை இயல்பாக நடந்து சராசரி எடுங்கள். 70 காலடி வந்தால் ஒரு காலடி 0.71 மீட்டர். ஏற்றத்தில் காலடி குறுகும். அங்கே நாடாதான் நம்பகமானது. கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகலாம், அதாவது இந்த வரைபடத்தில் 2 மி.மீ. குளத்துக்கும் சாலைக்கும் அது போதும், அடுத்தடுத்த இரு வாசல்களைப் பிரித்துக் காட்டப் போதாது. திசைகாட்டியை இரும்புக் கதவருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

வரலாற்றை அடிப்படை வரைபடத்தின் மேலேயே எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். காலகட்டத்துக்கு ஒரு டிரேசிங் தாள் வைத்து, அடித்தாளோடு சரியாகப் பொருந்த நான்கு மூலைகளிலும் பொருத்தக்குறி இடுங்கள். பழைய வரைபடத்தை இன்றையதோடு பொருத்தும்போது பாலம், சாலைச் சந்திப்பு போன்ற இடம் மாறாத புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றின் வளைவு காலப்போக்கில் நகரும், அதை நம்பக்கூடாது. புள்ளிகள் ஒரே மூலையில் குவிந்தால் எதிர் மூலை விலகிப்போகும். நாலாபக்கமும் பரவலாக ஆறு புள்ளிகளாவது வேண்டும்.

பெரியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தோராயமான எண்தான் கிடைக்கும். "மின்சாரம் வருவதற்கு முன்பா, பிறகா?" என்று கேளுங்கள், முன்பின் வரிசை பெரும்பாலும் சரியாக வரும். பதிவு செய்யவும் பெயரை வெளியிடவும் தனித்தனியே அனுமதி வாங்குங்கள். சான்றின் வலுவுக்கேற்பக் கோட்டை மாற்றுங்கள்: ஆவணமோ கல்வெட்டோ இருந்தால் முழுக்கோடு, இருவர் தனித்தனியே சொன்னால் விட்டுவிட்ட கோடு, ஒருவர் மட்டும் சொன்னால் புள்ளிக்கோடு. இருவர் முரண்பட்டால் இரண்டையும் வரையுங்கள். எது சரி என்பதை அடுத்து கிடைக்கும் ஆவணம் தீர்மானிக்கட்டும்.